இடைசெவலுக்குப் போக நினைப்பவர்களுக்கு

இடைசெவலில் பார்க்க என்ன இருக்கு என்று கோவில்பட்டிக்காரர்களே கேட்பார்கள். நாங்கள் தங்கிய லாட்ஜில் கேட்டார்கள், ஆட்டோக்காரர் கேட்டார், கடலைமிட்டாய் கடையிலும் கேட்டார்கள். கழுகுமலைக்குப் போங்க, வெட்டுவான் கோவில் இருக்கு. எட்டயபுரம் போங்க, பாரதியார் வீடு இருக்கு. இடைசெவல் ரோட்டோர ஊருதானே, அங்க எதுக்கு? அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சுற்றுலா என்ற கணக்கில் பார்த்தால் அங்கே ஒன்றும் கிடையாது. வெயிலும் கரிசல் காடும் ஒரு டீக்கடையும்தான்.

ஆனாலும் தமிழில் கதை படிக்கிற யாரும் வாழ்நாளில் ஒருமுறையாவது போய்வர வேண்டிய ஊர் அது என்பது என் எண்ணம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஊர்க்காரர்கள். ஏறக்குறைய ஒரே வயது, சின்ன வயதிலிருந்தே சிநேகிதம். இருவருக்கும் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது: அழகிரிசாமிக்கு 1970-இல், கி.ரா.வுக்கு 1991-இல். ஒரு சின்னக் கிராமத்திலிருந்து இப்படி இரண்டு பேர் என்பது சாதாரண விஷயம் இல்லை. அழகிரிசாமி ஊரைவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். சென்னை, மலேயா, மறுபடியும் சென்னை என்று பத்திரிகை வேலைகளில் அலைந்து, 46 வயதில் 1970 ஜூலையில் காலமானார். விருது அவர் போனபிறகுதான் வந்தது. கி.ரா. அதற்கு நேர்மாறு. ஊரிலேயே இருந்து விவசாயம் பார்த்தார், விவசாயிகளுக்காகப் போராடி ஜெயிலுக்குப் போனார், நாற்பதை நெருங்கும் வயதில்தான் எழுத வந்தார். 1989-இல் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர், அங்கேயே 2021 மே மாதம் காலமானார். உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அது கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். என்னைப் போன்ற வாசகர்கள் டிவியில்தான் பார்த்தோம். போகவேண்டும் என்ற நினைப்பு எனக்கு அப்போது பிடித்ததுதான்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் முக்கால்வாசி அதுதான். நான் அந்தப் பக்கத்தைச் சித்திரை வெயிலிலும் பார்த்திருக்கிறேன், மார்கழியிலும் பார்த்திருக்கிறேன். ஒரே ஊர் என்று சத்தியம் செய்தால்கூட நம்ப மாட்டீர்கள். கரிசல் மண்ணில் இருக்கும் களி ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் ஒரு கை உள்ளே போகும். கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்பு, நடுநடுவே வேலிக்கருவை, தூரத்தில் கானல். அதற்கும் ஓர் அழகு உண்டு என்று எழுதுகிறவர்கள் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே நின்று பார்த்துவிட்டு எழுதினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

மானாவாரி பூமி அது. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விதைப்பு. புரட்டாசியில் தொடங்கி ஐப்பசிக்குள் விதைத்துவிடுவார்கள். சிலர் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் போனால் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, சூரியகாந்தி என்று காடு முழுக்கப் பச்சை. (அங்கே வயல் என்று யாரும் சொல்வதில்லை. புஞ்சை நிலம் எல்லாமே காடுதான். ‘காட்டுக்குப் போயிருக்காக’ என்று சொன்னால் புலி வேட்டைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.) கார்த்திகையிலிருந்து தை வரை போவதுதான் சரி. அறுவடையும் களத்து வேலையும் பார்க்கவேண்டும் என்றால் மார்கழிக் கடைசி, தை முதல் வாரங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் இறங்காதீர்கள். அந்த மண் செருப்பில் ஒட்டும், ஒட்டினதன்மேல் இன்னும் ஒட்டும், பத்தடி நடப்பதற்குள் காலுக்கு ஒரு படி எடை ஏறிவிடும். ஷூ போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உள்ளூர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பார்கள். வேலிக்கருவை முள்ளுக்குப் பயந்து நாங்கள் பாதையிலேயே நின்றுகொண்டோம்.

போவதற்குக் கோவில்பட்டிதான் வாசல். மதுரை – திருநெல்வேலி ரயில் பாதையில் இருப்பதால் சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவு ரயில் வசதி. அங்கிருந்து இடைசெவல் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், நாலாட்டின்புதூர் தாண்டி, கயத்தாறு போகிற வழியில். ஊர் நான்குவழிச் சாலையை ஒட்டியே இருப்பதால் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் தூரத்து பஸ்கள் நிற்பதில்லை. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வரவேண்டும். கோவில்பட்டி ஊருக்குள் இருக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போவதுதான் நிம்மதி. நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். அந்த பஸ்ஸில் கேட்கிற பேச்சுக்காகவே அதில் போகலாம். எங்கள் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டை இலையில் வைத்த வரிசைப்படி விமர்சனம் செய்துகொண்டு வந்தார்கள். கூட்டு வந்தபோது எழுந்த சண்டையோடு நாங்கள் இறங்கவேண்டியதாயிற்று. மிச்சம் என்ன ஆனது என்று என் மனைவி இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஊரில் தங்க இடம் கிடையாது, சாப்பாட்டு ஹோட்டலை நம்பவும் வேண்டாம். கோவில்பட்டியில் தங்கி, சாப்பிட்டு, தண்ணீர் பாட்டிலோடு கிளம்புங்கள். பெண்கள் கூட வந்தால் கழிப்பறை விஷயத்தையும் கோவில்பட்டியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. இதையெல்லாம் இலக்கியப் பயணக் கட்டுரைகளில் யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள், போனபிறகுதான் தெரிகிறது.

நேரமும் முக்கியம். நாங்கள் போய் இறங்கியபோது காலை பத்தரை. தெருவில் ஆளே இல்லை. வேலை இருக்கிற காலத்தில் விடிந்ததும் எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் மிக வயதானவர்கள் அல்லது கைக்குழந்தைக்காரிகள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் ஊருக்கு ஊர்க் களை வரும். அதனால் காலையில் கோவில்பட்டியில் இருக்கிற கி.ரா. நினைவரங்கத்தைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்குப் போவது நல்ல ஏற்பாடு. நினைவரங்கமும் சிலையும் 2022-இல் திறக்கப்பட்டவை. அரசு இடம் என்பதால் விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் என்ன படிக்கலாம்? நாவல்களிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். கி.ரா.வின் ‘கதவு’, அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ ஆகிய இரண்டு கதைகள் போதும். ரயிலிலேயே முடித்துவிடலாம். தீர்வை (நிலவரி) கட்ட முடியாத வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போவது முதல் கதை. தீபாவளிக்கு முந்தின இரவில் ஏழை வீட்டுக்கு யாருமில்லாத ஒரு சிறுவன் வந்து சேருவது இரண்டாவது. இரண்டிலும் குழந்தைகள், இரண்டிலும் வறுமை, ஆனால் இரண்டு பேரும் அதைப் பார்க்கிற விதம் வேறு வேறு. ஒரே மண்ணில் பிறந்தவர்கள் ஒரே மாதிரி எழுதுவார்கள் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கவேண்டும். கூடவே, கிடைத்தால் அழகிரிசாமி எழுதிய கடிதங்கள். கி.ரா. பாதுகாத்து வைத்திருந்து பின்னால் புத்தகமாக வந்தவை. ஊரைவிட்டுப் போனவர் ஊரில் இருப்பவருக்கு எழுதினவை என்ற நினைப்போடு படித்தால், இடைசெவல் பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போது அது நமக்குப் புது ஊராக இருக்காது.

அழகிரிசாமியின் இன்னொரு கதைக்குப் பெயரே ‘குமாரபுரம் ஸ்டேஷன்’. இடைசெவலுக்குப் பக்கத்தில் கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் இடையில் இருக்கிற நிஜமான ரயில் நிலையம் அது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் கண்டுகொள்ளாமல் போகிற சின்ன ஸ்டேஷன். காட்டுக்கு நடுவே இப்படி ஒரு ஸ்டேஷன் எதற்கு என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் கதையை எங்கெங்கோ கொண்டுபோவார். இப்போது அந்தத் தடம் இரட்டைப் பாதை, மின்சார வண்டிகள் ஓடுகின்றன. நீங்கள் ரயிலில் வந்து கோவில்பட்டியைத் தாண்டித் திருநெல்வேலி போகிறவர்களாக இருந்தால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். மஞ்சள் போர்டு கண்ணில் பட்டு மறையும். அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நாவலை வைத்துக்கொண்டு ஊரைத் தேடுகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் வருகிற ஊரை இடைசெவலில் தேடினால் கிடைக்காது. அது அவருடைய பாட்டன் பூட்டன் காலத்துக்கு முந்தைய கதை. தெலுங்கு தேசத்திலிருந்து கிளம்பி வந்து காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் கதை. அவர் கேட்டதும் நினைத்ததும் கற்பனையும் சேர்ந்து உருவான ஊர். அந்த வீடு எது, இந்தக் கிணறு எது என்று கையில் புத்தகத்தோடு கேட்டால் ஊர்க்காரர்கள் பாவம் ஏதாவது ஒன்றைக் காட்டிவிடுவார்கள், வந்தவரை ஏமாற்ற மனசு வராமல். அப்படிக் காட்டப்பட்ட கிணறுகள் எத்தனையோ வாசகர்களின் போனில் இருக்கும்.

அதைவிட முக்கியம், ‘நாயக்கமார் தெரு எது, மற்றவங்க தெரு எது’ என்று விசாரிக்காதீர்கள். நாவலில் படிக்கும்போது அது வரலாறு. தெருவில் நின்று கேட்கும்போது அது வேறு. அங்கே பல சாதியினரும் இன்றைக்கும் அக்கம்பக்கமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குள் ஆயிரம் இருக்கும். வெளியூர்க்காரன் ஒருவன் வந்து அதைக் கிளறிவிட்டு பஸ் ஏறிப் போவது நியாயம் இல்லை. இலக்கிய ஆர்வத்தில் வந்த ஒரு பட்டதாரி இப்படிக் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். டீக்கடையில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டம்ளரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த டீக்கடையில்தான் எங்களுக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். தலையில் துண்டு, கையில் மண்ணு காயாத களைகொத்தி.

“எங்கருந்து வாரீக?”

சென்னை என்றேன்.

“கி.ரா.வுக்குத்தான? அவுக போய்ச் சேந்துட்டாகளே.”

ஊரைப் பார்க்க வந்தோம் அய்யா என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மக்காச்சோளத்தப் பாத்துட்டுப் போங்க” என்றார்.

அப்புறம் முக்கால் மணி நேரம் மக்காச்சோளம்தான். கம்பும் சோளமும் வரகும் இருந்த காட்டில் மக்காச்சோளம் எப்படி வந்தது, கோழித் தீவனத்துக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதால் எல்லோரும் எப்படி அதற்கு மாறினார்கள், அப்புறம் படைப்புழு வந்து குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டு எப்படித் தின்றது. தமிழ்நாட்டில் 2018 வாக்கில்தான் அந்தப் புழு பெரிதாகப் பரவியது. அவருக்கு வருஷம் நினைவில்லை, ‘எங்க மூத்த பேத்திக்குச் சடங்கு வச்ச வருசம்’ என்றார். புழுவுக்கு மருந்தடித்தால் பன்றி வருகிறது, குருமலைப் பக்கமிருந்து மானும் வருகிறது, பன்றியை அடித்தால் கேஸ் போடுகிறார்கள். இன்சூரன்ஸ் பணம் பக்கத்து ஊருக்கு வந்ததாம், இவருக்கு வரவில்லையாம். நடுவில் நான் கி.ரா. பேச்சை எடுக்கப் பார்த்தேன். “அவுகளும் சம்சாரிதான, இதத்தான எழுதுனாக” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மறுபடியும் பன்றிக்கே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக கி.ரா.வைப் பற்றி யாரும் எழுதியதில்லை. சம்சாரி என்றால் அந்தப் பக்கத்தில் விவசாயி. கடனும் தீர்வையும் மழையும் ஏமாற்றமும்தான் கி.ரா.வின் ஆரம்பக் கதைகள். நாம் அதை மண் வாசனை என்று பெயர் வைத்து ரசித்துக்கொண்டிருக்கிறோம், அங்கே அது இன்னும் நடப்பு விவகாரமாக இருக்கிறது. படைப்புழுவைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இடைசெவல் பயணத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எட்டயபுரம் போகட்டும்.

இன்னொரு ரகத்தினரையும் அங்கே பார்க்கலாம். போனை நீட்டிக்கொண்டு, ‘தாத்தா, அந்த மாதிரிக் கதை ஒண்ணு சொல்லுங்க’ என்று கேட்கிற இளவட்டங்கள். கி.ரா. நாட்டுப்புறத்துப் பாலியல் கதைகளையும் தொகுத்தவர் அல்லவா, அதன் விளைவு. அவர் அந்தக் கதைகளையும், வட்டார வழக்கு அகராதிக்கான சொற்களையும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்து சேகரித்தவர். அகராதி வெளிவந்தது 1982-இல். தமிழில் அந்த மாதிரி முயற்சிகளில் முன்னோடி அது. ஒரு மத்தியானத்தில், முன்பின் தெரியாத ஆளிடம், கேமரா முன்னால் எந்தத் தாத்தாவும் கதை சொல்ல மாட்டார். சொன்னால் அது டிவியில் பார்த்த ஜோக்காக இருக்கும்.

பேச்சு வேண்டும் என்றால் அதற்கு ஒரே வழி வேலையில் கை கொடுப்பதுதான். நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை, மேகம் உதவியது. சர்வீஸ் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். களம் போதாதபோது ரோடே களம். திடீரென்று தூறல் விழுந்ததும் ஒரு பாட்டி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். “ஏ தாயி, அந்த மூலையப் பிடி” என்று என் மனைவியைப் பார்த்து ஒரு சத்தம். யார் எவர் என்றெல்லாம் கேட்கவில்லை. மூலையைப் பிடித்தாள், நான் நான்கு கல்லைப் பொறுக்கி மேலே வைத்தேன். தூறல் ஐந்து நிமிஷத்தில் நின்றுவிட்டது. அதன் பிறகு அந்தப் பாட்டி எங்களை விடவில்லை. என் மனைவிக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றோடு நிறுத்தினாள், கழுத்தில் போட்டிருக்கிற சங்கிலி எத்தனை பவுன், சென்னையில் தண்ணி விலைக்கா விக்கிறாக என்று கேள்விமேல் கேள்வி. பேட்டி எடுக்கப் போனவர்களைப் பேட்டி எடுத்து அனுப்பினார்.

பேச்சின் நடுவே வந்த மருமகளோடு அவர் தெலுங்கில் பேசினார், எங்களிடம் திரும்பி அச்சுக் கரிசல் தமிழில் தொடர்ந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்பது அந்த வட்டாரத்தில் பல குடும்பங்களில் சாதாரணம். கி.ரா. வீட்டிலும் அப்படித்தான். வாசகர்கள் அவரை நைனா என்று கூப்பிட்டதும் அந்தத் தெலுங்கிலிருந்து வந்ததே. தமிழ் வட்டார வழக்கின் பெரிய எழுத்தாளர் வீட்டில் தெலுங்கு பேசியவர் என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியம். அந்தப் பாட்டிக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

கி.ரா.வின் சமாதி ஊரில்தான் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். ஊரில் இருக்கும் வீடுகள் எல்லாமே மனிதர்கள் வாழும் வீடுகள். எழுத்தாளர் பிறந்த வீடு என்று யாராவது கை காட்டினாலும் வெளியே நின்று பார்ப்பதோடு சரி, திண்ணையில் உட்கார்ந்து போட்டோ எடுப்பதெல்லாம் வேண்டாம். அவர் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியைப் புதுப்பிக்கப்போவதாக அவர் இறந்தபோது அரசு அறிவித்தது. பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டவர், பின்னால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தவர். அந்தப் பள்ளியைப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். பள்ளி நடக்கிற நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு போகக்கூடாது, தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கவேண்டும், பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது. புத்தகம் கொடுக்க விரும்பினால் நல்லது, ஆனால் முதலில் என்ன தேவை என்று கேளுங்கள். பெரியவர்களுக்கான நாவலை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அழகிரிசாமியைப் பற்றி விசாரித்தபோது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பெயர் தெரிகிறது, ஆனால் பேச ஒன்றும் இல்லை. அவர் ஊரைவிட்டுப் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது, போய்ச் சேர்ந்தே அரை நூற்றாண்டுக்கு மேல். அவரை நேரில் பார்த்த நினைவு உள்ளவர்கள் இனிமேல் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? 2023-இல் அவருடைய நூற்றாண்டு வந்தபோது ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினோம். அவருடைய கதைகளில் வருகிற குழந்தைகளின் வயதில் இருக்கிற பிள்ளைகள் அந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்டேன். ஒரு பையன் மட்டும், “பாடத்துல வரும்” என்றான். எந்தப் பாடம் என்று அவனுக்குத் தெரியவில்லை, யோசித்துப் பார்த்துவிட்டு “அது அண்ணனுக்கு” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

மறுநாள் எட்டயபுரம் போனோம். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், பஸ் நிறைய. பாரதி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கல்கி முன்னின்று பணம் திரட்டிக் கட்டிய மணிமண்டபமும் இருக்கிறது, 1945-இல் அடிக்கல் நாட்டி 1947-இல் திறந்தது. முத்துசுவாமி தீட்சிதர் சமாதியும் உமறுப் புலவர் அடக்கமான இடமும் அதே ஊரில். ஒருநாள் முழுக்கப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் பலகை உண்டு, வருஷம் உண்டு, வரிசையாகப் படங்கள் உண்டு. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு எட்டயபுரம்தான் சரி. எங்களுக்கு என்னவோ பாரதி வீட்டில் நின்றபோதுகூட அந்தத் தார்ப்பாய்ப் பாட்டி பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இடைசெவலுக்கு முன்னால் எட்டயபுரம் போயிருந்தால் இரண்டையும் முழுசாக ரசித்திருக்கலாமோ என்னவோ. வரிசையை நீங்கள் மாற்றிப் பார்க்கலாம்.

கழுகுமலைக்கு அரைநாள் ஒதுக்குங்கள். பாறையை மேலிருந்து குடைந்து இறங்கிச் செதுக்கிய வெட்டுவான் கோவிலும், மலைச்சரிவில் வரிசையாக இருக்கிற சமணச் சிற்பங்களும் இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாதவை என்றாலும், அவ்வளவு தூரம் போய்விட்டுப் பார்க்காமல் வருவது பாவம். காலை வெயில் ஏறுவதற்குள் மலை ஏறி இறங்கிவிடவேண்டும்.

கோவில்பட்டி வட்டாரத்துக்கு எழுத்தாளர்கள் பஞ்சமே இல்லை. 2014-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய பூமணிக்குப் பக்கத்து ஆண்டிபட்டி, 2019-இல் வாங்கிய சோ. தர்மனுக்கு உருளைகுடி. ஒரு தாலுகாவைச் சுற்றி இத்தனை பேர் எப்படி என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். மழை பொய்த்த வருஷங்களில் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று அந்த மக்காச்சோளப் பெரியவர் ஒரு காரணம் சொன்னார், நான் அதையே ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

அடுத்து உருளைகுடிக்குப் போகலாம் என்றிருக்கிறோம். சோ. தர்மனின் நாவலுக்கு மையமே அந்த ஊர்க் கண்மாய்தான். கோடையில் போனால் வெறும் மண்தரையைத்தான் பார்க்கமுடியும். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து, கண்மாயில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று உறுதியானபிறகுதான் டிக்கெட் எடுக்கவேண்டும். தட்கலில்தான் கிடைக்கும், பரவாயில்லை. அதற்காக டீக்கடைக்காரரின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.